மஞ்சள் பெட்டி இருக்கட்டும்: கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தோற்றத்தை மாற்றிய அனுபவம்

2020 ஜனவரி 1 ஆம் திகதியுடன் பைதன் 2 நிரல்மொழிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், திரைகளையும் பொத்தான்களையும் வரைய உதவும் ஜிடிகே என்ற நிரல்நூலகத்தின் நான்காம் பதிப்பு வெளிவந்தபோது, நாங்கள் நம்பியிருந்த ஜிடிகே 2 இன் பராமரிப்பும் முடிவுக்கு வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சில அரிசி ஆலைகளிலும் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியங்களிலும் நெல் கொள்வனவுக் கணக்குக்காகப் பயன்பட்டு வரும் எங்கள் கட்டற்ற மென்பொருள் (மூலநிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியது) இந்த இரண்டின் மேலும் எழுதப்பட்டிருந்தது. அதன் தோற்றத்தை மாற்ற வேண்டுமென்ற விருப்பம் எங்களிற் சிலருக்கு முன்பே இருந்தது உண்மைதான்; ஆனால் விருப்பம் மட்டும் இருந்திருந்தால் அதில் கைவைத்திருக்க மாட்டோம். லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய வழங்கல்கள் பழைய நிரல்நூலகங்களைக் கைவிட்டுவிட்டன. புதிதாக வாங்கிய மடிகணினிகளின் செறிந்த திரைகளில் எங்கள் எழுத்துகள் எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டன. ஜிடிகே 3 க்கு மாறினால் நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பொத்தான்களின் உருவமும் இடைவெளியும் மாறத்தான் போகின்றன. எனவே தோற்றம் மாறுமா என்பது அன்று கேள்வியாக இருக்கவில்லை. எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, பயன்படுத்துபவர்களை எப்படிக் கூட அழைத்துச் செல்வது என்பவையே எங்கள் முன்னிருந்த கேள்விகள்.

மென்பொருளின் வேலை எளிமையானது. கமக்காரர் ஒருவர் நெல்லைக் கொண்டுவந்தால் அவருடைய பெயர், நெல்லினம், மூடைகளின் எண்ணிக்கை, நிறை, ஈரப்பதம், கழிவு, கிலோ விலை, அவர் முன்பே பெற்ற உரத்துக்கோ உழவுக்கோ கழிக்க வேண்டிய முற்பணம் ஆகியவற்றைப் பதிந்து, இறுதித் தொகையைக் கணித்து, பற்றுச்சீட்டு அச்சிட வேண்டும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்தைத் தரமாகக் கொள்வதால் அதற்கு மேற்பட்ட ஈரத்துக்கான கழிவைக் கணக்கிடும் பகுதியும் இதில் உண்டு. பழைய திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சாளரம் திறந்தது. தட்டெழுத வேண்டிய கட்டம் மஞ்சளாக மாறும். கூட்டுத்தொகை சிவப்பில் நிற்கும். இந்த நிறங்களுக்குப் பின்னால் எந்த வடிவமைப்புச் சிந்தனையும் இருக்கவில்லை. முதல் பதிப்பை எழுதியவர் கைக்கு வந்த நிறத்தை இட்டார், அது நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

புதிய தோற்றத்தின் மாதிரிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை ஒரே தொனியில் இருந்தன. "தம்பி, உது ஆர் கேட்டது? பழசு நல்லாத்தானே வேலை செய்யுது" என்று வட்டக்கச்சிப் பக்கத்து ஆலையொன்றின் கணக்குப் பொறுப்பாளரான அக்கா எழுதினார். வேறொருவர், பிழைகளைத் திருத்தச் சொன்னால் நீங்கள் வர்ணம் பூசுகிறீர்களே என்று கேட்டார். அது நியாயமற்ற கேள்வி அல்ல. கட்டற்ற மென்பொருட் திட்டங்களில் தன்னார்வலர்களின் நேரம் எங்கே செலவாகிறது என்பதைப் பயனர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்கள் குறை மாதக்கணக்காகக் கிடப்பில் இருக்கும்போது எவரும் கேட்காத அழகூட்டல் நடந்தால் அவர்களுக்குக் கோபம் வரும். ஆகவே புதிய பதிப்பின் அறிவிப்பில் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல் எழுதுவதற்கு முன், நெடுங்காலமாகக் கிடந்த மூன்று குறைகளைத் திருத்தினோம். முற்பணக் கழிப்பில் சதங்கள் பிசகுவதும், ஒரே பெயருள்ள இரு கமக்காரர்களின் கணக்குகள் கலப்பதும், மின்சாரம் நின்றால் பாதிப் பதிவு காணாமற்போவதும் அவை. அவற்றைப் பழைய தோற்றத்திலேயே திருத்தி முதலில் வெளியிட்டோம். எதிர்ப்பு அதனால் மறையவில்லை. ஆனால் பேச்சுக்குக் கதவு திறந்தது.

எதிர்த்தவர்கள் யார் என்று கவனித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் எவரும் எதிர்க்கவில்லை. அவர்களுக்குப் பழைய திரையும் புதிய திரையும் ஒன்றுதான். கடுமையாக எதிர்த்தவர்கள் அனைவரும் மிகத் திறமையானவர்கள். மாசி மாதத்தில், மாரிமழையோடு விளையும் காலபோக நெல்லின் அறுவடை உச்சத்தில் இருக்கும்போது ஆலை வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். இப்போது அறுவடை இயந்திரங்கள் வயல்களை விரைவாக முடித்துவிடுவதால், முன்பு பல வாரங்களுக்குப் பரந்து வந்த நெல் சில நாட்களிற் குவிகிறது. அதுவும் வெட்டிய கையோடு ஈரமாகவே வருகிறது. அந்த நேரத்தில் கணக்குப் பொறுப்பாளர் திரையைப் பார்ப்பதே இல்லை. கண் தராசில் இருக்கும். வலக்கை எண்விசைகளில் இருக்கும். வாய் கமக்காரருடன் கதைத்துக்கொண்டிருக்கும். எண்டர் விசையை எத்தனை முறை அழுத்தினால் நிறைக் கட்டத்துக்குப் போகலாம் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும் கமக்காரருக்கு எந்த வரம்பில் எந்த வெட்டு இருக்கிறதென்று வெளிச்சமில்லாமலே தெரிவது போன்றது அந்த அறிவு. அதை அவருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. பல பருவங்களின் உழைப்பால் அவரே சேர்த்துக்கொண்டது. நாங்கள் கட்டத்தை இரண்டு வரி கீழே நகர்த்தினால் அந்தச் சேமிப்பு ஒரே நாளில் அழிந்துவிடும். "பழசு நல்லது" என்ற சொல்லின் உள்ளே இருந்தது பெரும்பாலும் இந்தப் பயம்தான். நிறத்தைப் பற்றிய இரசனை அல்ல.

இன்னொரு காரணமும் இருந்தது, அது கொஞ்சம் நுட்பமானது. எங்கள் மென்பொருளை வன்னியில் கற்பித்தவர்கள் நாங்கள் அல்லர். கையேடு ஒன்று இருக்கிறது, அதை எவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆலையில் தேர்ந்த அக்கா ஒருவர் அடுத்த ஆலைக்குப் போகும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. "மஞ்சள் பெட்டிக்குள்ள அடியுங்கோ, வேற ஒண்டையும் தொடாதேங்கோ" என்பது அவர்களின் முதலாம் பாடம். எனவே மஞ்சளை எடுத்துவிட்டு, இன்று பல செயலிகளில் இருப்பதுபோல மெல்லிய நீலக்கோடு ஒன்றைக் கட்டத்தின் அடியில் இடுவது, ஒரு நிறத்தை மட்டும் மாற்றுவதாக இராது. அந்த அக்காவின் பாடத்தையும், அதன்மூலம் அவருக்கு அந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கும் மதிப்பையும் சேர்த்து அழிப்பதாகவே முடியும்.

மற்றத் திட்டங்கள் இதை எப்படிக் கையாண்டன என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முடிவுகளிற் பல அவற்றிலிருந்து எடுத்தவை. லினக்ஸ் கணினிகளுக்கான மேசைத்தளங்களில் ஒன்று குனோம். 2011 ஏப்ரலில் வெளிவந்த குனோம் 3, பணிப்பட்டை, நிரல் பட்டியல் என்று மக்கள் பழகியிருந்த மேசைத்தளத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தது. அதை ஏற்காதவர்கள் குனோம் 2 இன் மூலநிரலை எடுத்து மேட் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமன் என்ற இன்னொரு மேசைத்தளத்தை உருவாக்கினார்கள். இரண்டும் இன்றுவரை உயிருடன் இருக்கின்றன. குனோம் 3 இலும் பழைய சாயலில் ஒரு மாற்றுநிலை முதலில் இருந்தது. ஆனால் அது தனி நிரலாக இருந்ததால் அதைப் பராமரிக்க ஆள் போதாமல் 2013 இல் 3.8 பதிப்புடன் நீக்கினார்கள். அதற்குப் பதிலாக, புதிய நிரலின் மேலேயே சில நீட்சிகளால் பழைய முகத்தைத் தரும் கிளாசிக் நிலையைக் கொண்டுவந்தார்கள். என் கண்ணில் அந்த முழு வரலாற்றிலும் மிகப் பயனுள்ள பாடம் இந்தச் சிறிய திருத்தம்தான். பழைய தோற்றத்தை வைத்திருக்க விரும்பினால் அதைப் பழைய நிரலாக வைத்திருக்கக் கூடாது. புதிய நிரலின் மேல் ஓர் உடையாக வைத்திருக்க வேண்டும்.

2019 ஜூலையில் வெளிவந்த, முப்பரிமாண உருவங்களை வடிக்கும் மென்பொருளான பிளெண்டர் 2.80 வேறு வழியில் போனது. அதுவரை பொருட்களைத் தெரிவுசெய்ய வலச் சொடுக்கைப் பயன்படுத்தி வந்த அந்த மென்பொருள், இடச் சொடுக்கை இயல்பாக்கியது. ஆனால் முதற்தடவை திறக்கும்போதே எந்தச் சொடுக்கு வேண்டும், எந்த விசை அமைப்பு வேண்டும் என்று கேட்டது, பழைய 2.7 வரிசையின் விசை அமைப்பும் அந்தத் தெரிவுகளில் ஒன்றாக இருந்தது. அலுவலக ஆவணங்களுக்கான லிப்ரெஓபிஸ் இன்னும் மெதுவாக நடந்தது. தாவல் வடிவப் பட்டையை 2017 இல் 5.3 பதிப்பில் பரிசோதனையாகச் சேர்த்து, 2019 இல் 6.2 பதிப்பில்தான் முழுத் தகுதி கொடுத்தது. அப்போதும் பழைய கருவிப்பட்டையே இயல்பாக நின்றது. இந்தப் பொறுமை சிலருக்குக் கோழைத்தனமாகத் தெரியலாம். அலுவலகங்களிற் கடிதம் தட்டுபவர்களை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2018 இல் வந்த, படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10 கருமையான தோற்றத்தையும் ஒற்றை நிறச் சின்னங்களையும் இயல்பாக்கியபோது, நிறத்தை வைத்தே கருவிகளைக் கண்டுபிடித்துப் பழகியவர்கள் தடுமாறினார்கள். நிறச் சின்னங்கள் விருப்பத் தெரிவுகளுக்குள் இருந்தன, ஆனால் அங்கே போய்த் தேட வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரிவு இருப்பது போதாது, தேவைப்படும் கணத்தில் அது கண்ணில் படவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் எடுத்த முதல் முடிவு, தரவுக் கோப்பைத் தொடுவதில்லை என்பது. எங்கள் கணக்கு முழுவதும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் ஒரே கோப்பில் இருக்கிறது. புதிய தோற்றம் கொண்ட பதிப்பில் அட்டவணைகளின் அமைப்பில் ஒரு நெடுவரிசையைக்கூட மாற்றாமல் விட்டோம். எனவே காலையில் புதிய பதிப்பில் பதிந்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் மத்தியானம் பழைய பதிப்பைத் திறந்து அதே கணக்கை அப்படியே தொடரலாம். இரண்டு குறுவழிச் சின்னங்களும் மேசைத்திரையில் அருகருகே இருந்தன. வேறு எந்த விளக்கமும் சாதிக்காததை இது சாதித்தது. திரும்பிப் போகும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் முன்னே போய்ப் பார்க்கத் துணிகிறார். தோற்ற மாற்றத்தையும் தரவு மாற்றத்தையும் ஒரே வெளியீட்டில் கலக்கும் திட்டங்கள் இந்த வழியைத் தாங்களே அடைத்துவிடுகின்றன. பிறகு பயனர் மாற்றத்தை விரும்பவில்லை என்று முறையிடுவதில் பொருளில்லை.

இரண்டாவது முடிவு, விசைகளின் ஒழுங்கும் கட்டங்களின் ஒழுங்கும் அப்படியே இருக்கும் என்பது. இதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் தன்னார்வமாக வடிவமைப்பைச் செய்து தந்தார். நல்ல கைத்திறன் உள்ளவர். ஈரப்பதம் விலையைப் பாதிப்பதால் அதை நிறைக்கு முன்னால் வைப்பதே தருக்கத்துக்குப் பொருந்தும் என்று அவர் கருதினார். தாளில் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆலை வாசலில் நின்று பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. மூடை தராசில் ஏறும்போதுதான் மாதிரி நெல்லை எடுத்து ஈரம் பார்க்கும் கருவியில் இடுகிறார்கள். நிறை உடனே தெரிந்துவிடும், ஈரப்பதத்தின் அளவீடு சற்றுப் பின்னால்தான் வரும். கட்டங்களின் பழைய ஒழுங்கு, கைகளின் வேலை நடக்கும் ஒழுங்கு. அதை அந்த மாணவரே நேரிற் பார்த்தபின் தன் வரைவை மாற்றினார். வடிவமைப்பாளரைக் களத்துக்குக் கூட்டிச் செல்வதற்கு ஆகும் பேருந்துச் செலவு, எந்தத் திட்டமும் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான செலவு என்பது என் எண்ணம்.

நிறங்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டோம். மஞ்சள் கட்டம் இருந்தது, இருக்கிறது. மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் அதை அகற்ற வடிவமைப்பு நோக்கிலும் நியாயம் இருக்கவில்லை. சாயலை மட்டும் சற்று மென்மையாக்கினோம். சிவப்பு நிறக் கூட்டுத்தொகையை எடுத்துவிட்டோம். அதற்கு எதிர்ப்பு வந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டுத்தொகையும் சிவப்பு, பிழைச் செய்தியும் சிவப்பு என்றிருந்ததால் சிவப்பு என்றாலே கண் கடந்துபோகும் பழக்கம் உருவாகியிருந்தது. கழிவு மூடையின் நிறையைவிட அதிகமாகப் பதியப்பட்டபோது வந்த எச்சரிக்கையைக்கூட எவரும் பார்க்கவில்லை. இப்போது தொகை பெரிய தடித்த கறுப்பு எழுத்தில் நிற்கிறது. சிவப்பு வந்தால் ஏதோ பிழை என்று பொருள்.

மாணவரின் முதல் வரைவில் துணைக்குறிப்புகள் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில் இருந்தன. அவருடைய அறையில் அது அழகாகத்தான் இருந்தது. ஆலைகளில் கணினி பெரும்பாலும் முன்விறாந்தையில், தராசுக்குப் பக்கத்தில், மத்தியான வெயில் திரையில் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அத்தோடு 2022 இல் நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, மடிகணினியின் மின்கலத்தைக் காப்பாற்றத் திரையின் ஒளியைக் குறைத்து வைத்துக்கொண்டே எல்லோரும் வேலை செய்தார்கள். அந்தப் பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. இணைய அணுகுதன்மைக்கான சர்வதேச வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்கிறது. நாங்கள் அதைக் கீழெல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திரையையும் ஒளி குறைத்த மடிகணினியில் வெயிலில் வைத்து வாசித்துப் பார்த்தோம். வாசிக்க முடியாதது எதுவாயினும் கறுப்பாக்கப்பட்டது.

தமிழ் எழுத்துக்கும் தனிக் கவனம் வேண்டியிருந்தது. ஜிடிகே 3 க்கான பல தோற்றக் கோப்புகள் இலத்தீன் எழுத்தின் உயரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வரியின் உயரத்தைச் சற்று இறுக்கினாலும் 'கீ', 'ளீ' போன்றவற்றின் மேற்சுழியும் மெய்யெழுத்துகளின் புள்ளியும் வெட்டுப்படும். 'கூ', 'ழூ' போன்றவற்றின் அடிப்பகுதி அடுத்த வரியில் மோதும். அகலமும் அப்படியே: ஆங்கிலத்தில் ஒரு சிறு பொத்தானுக்குள் அடங்கும் பெயர், தமிழில் இரட்டிப்பு இடம் கேட்கும். அதனால் எங்கள் விதி எளிதானது: 'பற்றுச்சீட்டு இலக்கம்', 'கழிக்கவேண்டிய முற்பணம்' போன்ற மிக நீளமான பெயர்களை முதலில் இட்டுத் திரையை வரைய வேண்டும், பிறகுதான் மற்றவை. எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை மென்பொருளோடு சேர்த்தே அனுப்பினோம். கணினியில் எது இருக்கிறதோ அதையே பயன்படுத்தட்டும் என்று விட்டால் ஒவ்வோர் ஆலையிலும் வரியுயரம் வேறுபட்டு, ஓரிடத்தில் சரியாக நின்ற அமைப்பு இன்னோரிடத்தில் உடையும். பொத்தான்களின் பெயர்களை அந்த வெளியீட்டில் ஒன்றுகூட மாற்றவில்லை. உருவம் மாறும்போது பெயராவது பழையதாக இருந்தால் கண் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

திரையைவிடப் பெரிய சிக்கல் பற்றுச்சீட்டில் இருந்தது, இது பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். கணினியை ஒருநாளும் தொடாத கமக்காரர்களும் இந்த மென்பொருளின் பயனர்கள்தாம்; அவர்களுக்குத் தெரிந்த அதன் ஒரே முகம் அந்தச் சீட்டு. எந்த மூலையில் நிறை, எந்த வரியில் கழிவு, எங்கே கையொப்பம் என்று அவர்களுக்குப் பழக்கம். பல வீடுகளில் அந்தச் சீட்டுகள் வங்கிப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அழகான புதிய சீட்டு வடிவம் ஒன்று தயாராகத்தான் இருந்தது. விசுவமடுவில் ஒரு ஐயாவிடம் மாதிரியைக் காட்டியபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உது வேற கொம்பனியின்ர துண்டோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு சீட்டின் வடிவத்தை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டோம். காசு கைமாறும் இடத்தில் நம்பிக்கை தோற்றத்திலும் தங்கியிருக்கிறது. மேலும் பல ஆலைகளில் இன்னும் புள்ளியச்சு இயந்திரங்களே இருப்பதால், முன்கூட்டியே அச்சிட்டு வைத்த படிவத் தாள்கள் வீணாவதையும் எவரும் விரும்ப மாட்டார்கள்.

எல்லா எதிர்ப்புக்கும் இணங்கினோம் என்று இதுவரை வாசித்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. தனித்தனிச் சாளரங்களை ஒழித்து எல்லாவற்றையும் ஒரே சாளரத்துக்குள் கொண்டுவந்ததுதான் மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்த மாற்றம்; அதில் நாங்கள் அசையவில்லை. பழைய முறையில் ஒரு சாளரம் மற்றொன்றின் பின்னால் மறைந்துவிடும்; பதிவு சேமிக்கப்படவில்லை என்று எண்ணி அதே கமக்காரருக்கு இரண்டாவது பதிவு போடப்படும். இந்த இரட்டைப் பதிவுகள் கணக்கு முடிக்கும்போது எவ்வளவு தலையிடி தந்தன என்பதை எதிர்த்தவர்களே முன்பு முறையிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மறுப்பையும் நாங்கள் ஒரே வகைக் கேள்விகளால் சோதித்தோம்: அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன நடந்தது, பழையதில் அதே வேலை எப்படி முடிந்தது. முடிந்தால் கைத்தொலைபேசியில் திரையைக் காணொளியாக எடுத்து அனுப்பும்படி கேட்டோம். வேலை நீண்டுவிட்டது, பிழைப் பதிவு விழுந்துவிட்டது, வாசிக்க முடியவில்லை என்பவை உடனே கவனிக்கப்பட்டன. வடிவாயில்லை, வெறுமையாய்க் கிடக்கிறது, நெஞ்சுக்குப் பிடிக்கவில்லை என்பவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு போகம் முடியும்வரை காத்திருந்தோம். அவற்றிற் பெரும்பகுதி அடுத்த போகத்தில் எவராலும் மீண்டும் சொல்லப்படவில்லை. மீண்டும் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று உண்மையான குறையாக இருந்தது: வெறுமையாகக் கிடக்கிறது என்பதன் பொருள், அன்றைய நாளின் முந்தைய பதிவுகள் பழைய திரையில் கீழே தெரிந்தன, புதியதில் தெரியவில்லை என்பதே. கடைசியாக நடந்த சில பதிவுகளைக் கீழே காட்டும் பட்டியலைச் சேர்த்ததும் அந்த முறைப்பாடு நின்றது. சொல்லப்படும் முறைப்பாட்டின் பின்னால் சொல்லத் தெரியாத ஒன்று இருக்கக்கூடும் என்பதால், இரசனை சார்ந்தவை என்று தள்ளி வைத்தவற்றையும் நாங்கள் அழிப்பதில்லை.

மூலநிரல் எவருக்கும் திறந்திருப்பதால், வவுனியாவில் ஓர் ஆலை உரிமையாளரின் மகன் பழைய பதிப்பை எடுத்துத் தானே தொடரப்போவதாக அறிவித்தார். எங்களிற் சிலர் இதைத் துரோகம் போல எடுத்துக்கொண்டார்கள். கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டு, அந்த உரிமையை ஒருவர் பயன்படுத்தும்போது முகம் சுளிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவரோடு பேசி, தரவுக் கோப்பின் அமைப்பை இரு தரப்பும் கலந்து பேசாமல் மாற்றுவதில்லை என்று மட்டும் இணங்கிக்கொண்டோம். கணக்குத் திருத்தங்கள் இரு பக்கமும் போய்வருகின்றன. கழிவுக் கணக்கில் அவர் கண்டுபிடித்த ஒரு வழு எங்கள் பதிப்பிலும் இருந்தது; திருத்தத்தையும் அவரே அனுப்பினார்.

எப்போது வெளியிடுவது என்பதிலும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தோம். காலபோக நெல் வரும் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஒரு பொத்தானின் நிறத்தைக்கூட மாற்றுவதில்லை. இரணைமடு, முத்தையன்கட்டுப் போன்ற குளங்களின் கீழ் சிறுபோகம் செய்யும் பகுதிகளில் ஆவணியிலும் புரட்டாதியிலும் மீண்டும் நெருக்கம் வரும். இடையில் சித்திரைப் புதுவருடம் கழிந்து சற்று ஓய்வான காலம் ஒன்று கிடைக்கிறது. புதிய பதிப்பு அப்போதுதான் போகும். அந்த இடைவெளியில் நாளுக்கு ஒரு சில பதிவுகளே நடப்பதால் விரல்கள் அவசரமின்றிப் பழகும், சிறுபோகம் சிறிய பரீட்சையாக அமையும், காலபோகம் வரும்போது கை தயாராக இருக்கும். உலகத்தின் எந்தத் திட்டத்தின் வெளியீட்டு நாட்காட்டியும் எங்களுக்குப் பொருந்தவில்லை. கமநல சேவை நிலையத்தின் சுவரில் தொங்கும் நாட்காட்டி பொருந்தியது.

கற்பிப்பதற்கு நாங்கள் காணொளி எதுவும் செய்யவில்லை. ஏ4 தாளொன்றில் இடப்பக்கம் பழைய திரை, வலப்பக்கம் புதிய திரை, நடுவில் அம்புக்குறிகள். இதை நிறத்தில் அச்சிட்டுப் பொலித்தீன் உறையிட்டு, புதிய பதிப்பு வருவதற்கு முன்பே ஒவ்வோர் இடத்துக்கும் கொடுத்தோம். எல்லா இடத்திலும் அது கணினிக்கு மேலே சுவரில் ஏறியது. வட்டக்கச்சி அக்காவிடம்தான் முதற்பதிப்பு போனது. மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் அவருடைய திருத்தங்கள் அந்தத் தாளில் இடம்பெற்றன. சந்தேகம் கேட்டு எங்களை அழைத்தவர்களை அவரிடமே கேட்கச் சொன்னோம். அவர் புதிய தோற்றத்தைப் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதைக் கற்பிப்பவர் அவர்தான்.

பழைய தோற்றத்தை, குனோமின் கிளாசிக் நிலையைப் பின்பற்றி, புதிய நிரலின் மேல் ஒரு சிஎஸ்எஸ் கோப்பாக, அதாவது நிறம், அளவு, இடைவெளி போன்றவற்றை மட்டும் சொல்லும் கோப்பாக, செய்து வைத்திருந்தோம். ஜிடிகே 3 இன் தோற்றங்கள் சிஎஸ்எஸ் மூலம் இயங்குவதால் இது பெரிய வேலையாக இருக்கவில்லை. முகப்புத் திரையிலேயே, தேட வேண்டிய தேவையின்றி, 'பழைய தோற்றம்' என்ற பொத்தான் இருந்தது. அது எந்தக் காலபோகத்தோடு நீக்கப்படும் என்பதை முதல் நாளிலேயே அறிவித்தோம். முடிவுத் திகதி சொல்லாமல் வைத்திருக்கும் தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடும்; எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு ஒவ்வொரு திரையையும் இரண்டு முகங்களிற் சோதிக்கும் ஆட்பலம் இல்லை. சொன்ன காலத்தில் நீக்கினோம். அப்போது அந்தப் பொத்தானைப் பயன்படுத்தி வந்தவர்கள் மிகச் சிலரே.

எஞ்சியிருப்பது விண்டோஸ் 7 கணினிகள். பைதன் 3.9 முதல் விண்டோஸ் 7 இல் இயங்காது. 2022 இன் விலைவாசியில் புதிய கணினி வாங்கும் நிலையில் பல சிறிய ஆலைகள் இருக்கவில்லை, சில இன்னும் இல்லை. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்து ஆலைகள் சிலவற்றுக்காகப் பைதன் 3.8 இல் ஒரு தனிக் கிளையைப் பேணுகிறோம். அதில் தோற்றத்தை எவரும் தொடுவதில்லை. கழிவு விதிகளும் வழுத்திருத்தங்களும் மட்டும் அங்கே போகின்றன. தரவுக் கோப்பு ஒன்றேயாதலால், புதிய கணினி வாங்கும் நாளில் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து வந்து திறந்தால் போதும்.